எண்பத்தைந்து காசாகிப்போன ஒரு வெள்ளி



நாணய மாற்று விகிதம் என்றதும் நம் கண்முன் நிற்பது பணமாற்றுக் கடையின் விலைப்பலகைதான். தமிழகத்திற்குப் புறப்படும்போது ஒரு ரிங்கிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்து மகிழ்கிறோம். சிங்கப்பூருக்குச் செல்லும்போது அவர்களின் ஒரு வெள்ளிக்கு எத்தனை ரிங்கிட் என்று பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். அந்த எண்களுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் துயரமான பக்கம் ஒன்று நம் பினாங்கிலேயே எழுதப்பட்டது. அதை நம் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1906ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என மதிப்பு நிர்ணயிக்கப்பட்டது. 60 வெள்ளிக்கு 7 பவுண்டு என்பது இதன் பொருள். இந்திய ரூபாயின் மதிப்பு 1927 முதல் 18 பென்ஸ். இரண்டையும் ஒப்பிட்டால் 9 வெள்ளிக்கு 14 ரூபாய் என்று வரும். ஜப்பானியர் ஆட்சிக்காலம் நீங்கலாக, 1966 ஜூன் மாதத்தில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைக்கும்வரை இந்தக் கணக்கு மாறவில்லை. தோட்டத்திலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்தி ஊருக்குப் பணம் அனுப்பிய நம் முன்னோர் வாழ்ந்தது இந்த விகிதத்தோடுதான்.

இனி 1967க்கு வருவோம். அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது. பழைய மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளியும் உடன் புழங்கியது. ஒன்றுக்கு ஒன்று சமம் என்பதால், கையிலிருந்த பழைய நோட்டை மாற்ற மக்கள் அவசரப்படவில்லை.

நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. புதிய வெள்ளிக்குத் தனியாகத் தங்க மதிப்பு வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே அது அசையவில்லை. பழைய வெள்ளியோ பவுண்டோடு பிணைக்கப்பட்டது; பவுண்டோடு சேர்ந்து அதுவும் சரிந்தது. ஒரு பழைய வெள்ளிக்கு இனி 85 புதிய காசு என்று அறிவிக்கப்பட்டது.

ஒரே பையில் அருகருகே கிடந்த இரண்டு நோட்டுகளில் ஒன்று முழு வெள்ளியாகவே இருக்க, மற்றொன்று பதினைந்து காசு இழந்தது. 200 வெள்ளியைப் பழைய நோட்டாகப் பெட்டியில் வைத்திருந்த தொழிலாளி 30 வெள்ளியை இழந்தார். ஜப்பானியரின் வாழைமர நோட்டுகள் 1945இல் வெறும் காகிதமானதைக் கண்ட தலைமுறை அது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் ஒரு நோட்டு கைவிட்டபோது அவர்கள் மனம் எப்படிக் கொதித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

தொழிற்கட்சி கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. நவம்பர் 24ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் நடந்த கடையடைப்பு கலவரமாகவும், பின்னர் இனப்பூசலாகவும் மாறியது. உயிர்கள் பலியாயின. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது.

அரசின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. பழைய நோட்டுகளுக்கு ஈடாக இருந்த சொத்து பெரும்பாலும் பவுண்டில் இருந்தது. அதன் மதிப்பு குறைந்தபின் முழு வெள்ளியைக் கொடுத்தால், அந்தக் குறையை யாரேனும் ஈடுகட்டியாக வேண்டும். ஆனால் அந்தச் சுமையை நோட்டு வைத்திருந்த எளிய மனிதர்மீது இறக்கியிருக்க வேண்டுமா? "இரண்டும் சமம்" என்ற சொல்லை நம்பியவர்களே அதற்கு விலை கொடுத்தார்கள். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருள் உண்டு. நோட்டின் உண்மையான ஈடு மக்கள் அதன்மேல் வைக்கும் நம்பிக்கையே.

இதை வகுப்பறைக்குக் கொண்டு செல்வது கடினமன்று. விழுக்காடு கற்கும் மாணவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். 2.80 டாலர் 2.40 டாலரானால் வீழ்ச்சி எத்தனை விழுக்காடு? 14.29 என்று விடை வரும். அப்படியானால் ஒரு வெள்ளி 85.71 காசாக வேண்டும். 85 என்று குறைத்து முழுமையாக்கியதால் 100 வெள்ளிக்கு எவ்வளவு கூடுதல் இழப்பு? 71 காசு. 85 காசு மீண்டும் ஒரு வெள்ளியாக எத்தனை விழுக்காடு உயர வேண்டும்? 15 அன்று, ஏறத்தாழ 17.65. இறங்குவது எளிது, ஏறுவது கடினம் என்பதைப் பிள்ளைகள் தாமே கணக்கிட்டு உணர்வார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிங்கிட் இருபது ரூபாய்க்குமேல் இருப்பதால் நாம் இருபது மடங்கு வசதியானவர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அந்தப் பணத்தால் அங்கே என்ன வாங்க முடியும், இங்கே என்ன வாங்க முடியும் என்று ஒப்பிடச் சொல்லுங்கள். 1973 மே மாதம்வரை சிங்கப்பூர் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. இன்று அங்கே ஒரு வெள்ளிக்கு நாம் மூன்று ரிங்கிட்டுக்குமேல் தருகிறோம். ரூபாய்க்கு எதிரே உயர்ந்த அதே ரிங்கிட், சிங்கப்பூர் வெள்ளிக்கு எதிரே தாழ்ந்திருக்கிறது. இன்றைய எண்ணை மட்டும் பார்த்துப் பெருமைப்படுவதிலோ வெட்கப்படுவதிலோ பயனில்லை. அந்த எண் எவ்வழியே வந்தது, வழியில் யார் இழந்தார்கள் என்று கேட்பதே கல்வி.

கலவரத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதா என்று தயங்குவோர் இருக்கலாம். வயதுக்கேற்றவாறு, எந்த இனத்தின்மீதும் பழி சுமத்தாமல் பேச நம் ஆசிரியர்களுக்குத் தெரியும். 1967இல் வாழ்ந்த தாத்தா பாட்டிகள் சிலர் இன்னும் நம் இல்லங்களில் இருக்கிறார்கள். அந்தப் பதினைந்து காசைப் பற்றி அவர்களிடம் கேட்டுவரும்படி மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுங்கள். காலம் தாழ்த்தினால் சொல்வதற்கு ஆளிருக்காது.