துணை உண்டு; மருத்துவம் எங்கே?

காதுமடலில் சிறு விதையை ஒட்டி, நாளொன்றுக்குப் பலமுறை விரலால் அழுத்தினால் வலி தணியும், பதற்றம் குறையும், உறக்கம் வரும் என்கிறது காது அக்குபிரஷர். காதுமடலைத் தலைகீழாகக் கிடக்கும் கருவாகக் கண்டு, அதில் உறுப்புதோறும் ஒரு புள்ளியை 1950களில் குறித்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே.

செலவு குறைவு, ஆகவே ஏழைகளுக்கு உகந்தது என்னும் வாதம் இடதுசாரி வட்டாரங்களிலும் ஒலிக்கிறது. வரலாறும் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. 1938இல் கோட்னிஸுடன் சீனம் சென்ற மருத்துவர் பி.கே. பாசுவே அக்குபங்சரைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். இடது முன்னணி ஆளும்போது 1996இல் மேற்கு வங்கம் அதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. உண்மைதான். ஆனால் கொண்டுவந்தவரின் தியாகம் சிகிச்சையின் பலனுக்குச் சான்றாகாது.

நியூயார்க்கின் அனுபவம் இதைத் தெளிவாக்குகிறது. 1970இல் தெற்கு பிராங்ஸிலுள்ள லிங்கன் மருத்துவமனையில் யங் லார்ட்ஸ், பிளாக் பாந்தர் அமைப்பினர் போராடி, ஹெராயினுக்கு அடிமையானோருக்குச் சிகிச்சை மையம் அமைத்தனர். காதில் ஊசி குத்தும் முறை அங்கே வளர்ந்தது. ஆனால் அங்கு ஊசியோடு அரசியல் கல்வியும் இருந்தது. போதை ஏன் ஏழைகளின் குடியிருப்புகளைச் சூறையாடுகிறது என்ற கேள்வியும் இருந்தது. 1978இல் மாநகர நிர்வாகம் காவல்துறையைக் கொண்டு போராளிகளை வெளியேற்றியது. அரசியல் அகற்றப்பட்டது, ஊசி மட்டும் உலகெங்கும் பரவியது. அந்த ஊசியும் சோதிக்கப்பட்டது. 620 கோகெய்ன் அடிமைகளிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், உரிய புள்ளிகளில் குத்தியதற்கும் வேறு புள்ளிகளில் குத்தியதற்கும் வெறும் மனத்தளர்வுப் பயிற்சிக்கும் போதை குறைவதில் வேறுபாடு தென்படவில்லை. விரல் அழுத்தமும் அதே காது வரைபடத்தையே நம்புகிறது.

அறுவைச் சிகிச்சைக்குமுன் பதறும் நோயாளியை ஆசுவாசப்படுத்த ஒரு விதை உதவுமானால் எவரும் அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் துணை மருத்துவம் என்றால் முதன்மை மருத்துவம் ஒன்று இருந்தாக வேண்டும். பொது சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025க்குள் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவதாக 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. கெடு முடிந்துவிட்டது, இலக்கு எட்டப்படவில்லை. மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் அக்குபிரஷர் முகாம் நடத்துவது பற்றாக்குறையை மூடும் திரையேயன்றி மக்கள் மருத்துவம் ஆகாது.

முகாமுக்கு ஆள் திரட்டும் நேரத்தில், மருத்துவர் பணியிடங்களை நிரப்பவும் இன்சுலினையும் காசநோய் மாத்திரையையும் தட்டின்றி வழங்கவும் கோரி மக்களைத் திரட்டுவதே கட்சிக் கிளைகளின் கடமை.