ஆலமரத்தடியில் போய்க் கேட்போம்

"விக்கிப்பீடியாவில் எழுதுவதெல்லாம் மேட்டுக்குடி வேலை தோழர், நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. அப்படிக் கேட்கும் தோழரே கூட்டத்தில் பேசுவதற்கு முந்தின இரவு கைப்பேசியில் அதைத்தான் திறந்து பார்க்கிறார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தங்கை அதைப் பார்க்கிறாள். அவசரத்தில் செய்தி எழுதும் நிருபர் பார்க்கிறார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதைப் படித்தே பழகியிருக்கின்றன. நம்மைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்கு எதற்கு என்று விட்டுவிடக்கூடிய விஷயமா?

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அங்கே பொது உரையாடல் நடக்கும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். உதவி கேட்கும் இடம் 'ஒத்தாசைப் பக்கம்'. நல்ல தமிழ்தான். ஆனால் ஆலமரத்தடி என்றதும் நம் மனதில் எழும் காட்சி வேறு. திண்ணையில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நம் தாத்தா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார். பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். நினைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை, அவ்வளவுதான். நம் மாணவர்கள் அங்கே ஒரு சின்னக் கேள்வி கேட்கக்கூடத் தயங்குவதைக் கூச்சம் என்று சொல்லாதீர்கள். அந்தத் தயக்கத்துக்கு வயது அதிகம்.

தயக்கத்தை விடுங்கள். அங்கே சாதி சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம். புனைபெயரில் கணக்குத் தொடங்கலாம். ஊரில் வம்பு வரும் என்று அஞ்சுகிறவர்கள் அப்படித்தான் தொடங்க வேண்டும்.

இனி கோபத்துக்கு வருவோம். ஒருவரைப் பற்றிக் கட்டுரை இருக்க வேண்டுமானால் அவர் 'குறிப்பிடத்தக்கவர்' என்று காட்ட வேண்டும். அவருக்குத் தொடர்பில்லாத, நம்பகமான வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே விதி. சரி, அந்த வெளியீடுகளில் யார் இருந்தார்கள்? 2006இல் டெல்லியில் உள்ள ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தபோது, அவர்களில் ஒருவர்கூட தலித்தோ ஆதிவாசியோ இல்லை. பத்திரிகை நம்மை எழுதவில்லை. பத்திரிகையில் வராததால் கலைக்களஞ்சியத்திலும் இடமில்லை. யாரும் சாதி பார்க்காமலேயே சாதி வேலையை முடித்துவிடுகிறது.

கனடாவின் இயற்பியல் பேராசிரியர் டோனா ஸ்ட்ரிக்லேண்டைப் பற்றிய வரைவை, ஆதாரம் போதாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் 2018 மே மாதம் திருப்பிவிட்டார்கள். அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு. அவருக்கே இந்தக் கதி என்றால், சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு இருபது வருடம் அலைந்த நம் அக்காவுக்கு என்ன கதி?

'நடுநிலை' இன்னொரு ஆயுதம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதை 'மோதல்' என்று ஒருவர் மாற்றிவிட்டு, நடுநிலைக்காகத் திருத்தினேன் என்று தொகுப்புச் சுருக்கத்தில் எழுத முடியும். கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் சம இடம் கொடு என்று அந்தக் கொள்கை சொல்லவில்லை. நம்பகமான ஆதாரங்கள் எதற்கு எவ்வளவு எடை தருகின்றனவோ அவ்வளவு கொடு என்றுதான் சொல்கிறது. இது தெரியாவிட்டால் நாம் கத்திவிட்டு வெளியேறுவோம். தெரிந்தால் 'வரலாறு' பகுதியைத் திறந்து யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்று பார்ப்போம். உரையாடல் பக்கத்தில் ஆதாரத்தை வைப்போம். மாற்றி மாற்றி அழித்துக்கொண்டிருந்தால் தடை விழுவது நமக்குத்தான்.

எடுத்த எடுப்பில் சொந்தச் சாதியின் பக்கத்தைத் திருத்தப் போகிறவர்கள் பலர். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட பக்கங்கள் பல பூட்டியே இருக்கும்; 30 நாள், 500 தொகுப்புகள் கடந்தவர்களால்தான் தொட முடியும். நாங்கள் இந்தப் பூட்டை முழுதாகத் திட்ட மாட்டோம். ஆண்ட பரம்பரைக் கதைகளை ஏற்றத் துடிப்பவர்களையும் அதுதான் நிறுத்திவைக்கிறது. நீங்கள் உரையாடல் பக்கத்தில் திருத்தக் கோரிக்கை வையுங்கள்.

கட்டுரை நீக்கப்பட்டால் "இது சாதிவெறி" என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அந்த வாக்கியத்துக்குப் பதில் கிடைக்காது. எந்தக் கொள்கைப்படி நீக்கினீர்கள், எப்படிப்பட்ட ஆதாரம் இருந்தால் ஏற்பீர்கள் என்று கேளுங்கள். நீக்கிய உரையைத் திருத்தி எழுதுவதற்காக உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் மீட்டுத் தரும்படி நிர்வாகியிடம் கேட்கலாம். வாட்ஸ்அப் குழுவில் சொல்லி இருபது பேரைத் திரட்டிவராதீர்கள்; அங்கே தலைக்கணக்கு செல்லாது, சந்தேகம்தான் வரும். காசு கொடுத்தால் கட்டுரை ஏற்றித் தருகிறோம் என்று வருபவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம் பக்கத்து வேலையும் ஒன்று பாக்கி. நம் இயக்கத் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள்: ஞாயிறு மாலை 5 மணி என்று இருக்கும், வருடம் இருக்காது. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கியது, நம்மை எழுத வேறு ஆளில்லை என்பதால்தானே? பண்டிதரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் 1999இல் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் ஆய்வாளர்கள் அவற்றைத் தாராளமாக மேற்கோள் காட்டத் தொடங்கினார்கள். அந்த ஆய்வுகளை இன்று எந்த நிர்வாகியாலும் தள்ள முடியாது. அச்சில் வந்தது, பாதுகாக்கப்பட்டது, தொகுக்கப்பட்டது, ஆதாரம் ஆனது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இயக்க இதழ்கள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அட்டையையும் தேதி அச்சான பக்கத்தையும் படமெடுங்கள். எந்த இதழ், எந்த மாதம், எந்த வருடம், எத்தனையாவது பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒத்தாசைப் பக்கத்தில் உங்களிடம் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.