முதலில் உரிமம், பிறகு ரெசிடென்சி

பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்குத் தீவிர சிகிச்சையில் முதுநிலை ரெசிடென்சி வேண்டும் என வாதிடுவோர் எப்போதும் அமெரிக்காவையே சான்றாகக் காட்டுகின்றனர். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் தொடங்கிய படிப்பு; 1971இல் நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கென அமைந்த முதுநிலைப் பயிற்சி; இன்று பல பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடைபெறும் ஓராண்டுத் தீவிர சிகிச்சை ரெசிடென்சிகள். வரலாறு சரிதான். ஆனால் அந்நாட்டில் ரெசிடென்சிக்கு வருபவர் தேசியத் தேர்வில் தேறி, மாநில உரிமத்துக்குத் தகுதி பெற்று வருபவர். ரெசிடென்சி கட்டாயமும் அன்று. அதில் சேராமலே நேரடியாக வேலைக்குச் செல்பவரே மிகுதி. அங்கே பயிற்சி என்பது உரிமத்தின்மேல் எழுப்பப்படும் மாடி. இங்கே முன்மொழியப்படுவது அடித்தளம் இல்லாத மாடி.

இத்தொழில் இந்தியாவுக்குப் புதிதன்று. 1992இல் சென்னையின் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், மறைந்த இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியனின் முயற்சியால் முதல் படிப்பு தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பட்டதாரிகள் வெளிவந்துகொண்டே இருந்தனர். அவர்களுக்கெனத் தேசிய அளவில் சட்டம் ஏதும் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமே அவர்களைத் தன் அட்டவணையில் சேர்த்தது. அச்சட்டத்தையும் பல மாநிலங்கள் கிடப்பில் போட்டன. 2024இல் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியதாயிற்று. அச்சட்டம் தருவது பெயரும் பதிவேடும். படுக்கையருகே எச்செயலை, எவர் மேற்பார்வையில், எதுவரை செய்யலாம் என்பதை அது செயல்வாரியாக வகுத்துரைக்கவில்லை.

இவ்விடைவெளி ஏட்டளவில் நிற்பதன்று. இரவு இரண்டு மணிக்கு செப்சிஸ் நோயாளி ஒருவரின் இரத்த அழுத்தம் சரிகிறது. நோர்அட்ரினலினை உயர்த்துவதா, இன்னும் திரவம் செலுத்துவதா, வாசோபிரெசின் சேர்ப்பதா? அடுத்த படுக்கையில் வென்டிலேட்டரில் இருப்பவரின் ஆக்சிஜன் இறங்குகிறது. குழாய் அடைத்துக்கொண்டதா, நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்ததா? விடை நிமிடங்களில் வேண்டும். சிறப்பு மருத்துவர் வீட்டில் இருக்கிறார், தொலைபேசியில் கிடைப்பார். பிரிவில் நிற்பவர் ‘ரெசிடென்ட்’ என்னும் அட்டையை அணிந்த இளைஞர். கழுத்துச் சிரையில் சென்ட்ரல் லைன் போடக் கற்றவர். போடும் அதிகாரம் தமக்கு உண்டா என்பதை அறியாதவர். நல்லபடி முடிந்தால் அது மருத்துவமனையின் 24 மணிநேரச் சேவை. பிசகினால் யாருடைய பிழை? 1996இல் பூனம் வர்மா வழக்கில், ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் தமக்கு உரிமையற்ற அலோபதி மருந்துகளைக் கொடுத்ததையே உச்ச நீதிமன்றம் கவனக்குறைவாகக் கொண்டது. அதே தருக்கம் நாளை இவ்விளைஞர்மீது பாயாது என எந்த நிர்வாகம் எழுதிக் கொடுக்கும்?

இச்சோதனையை இந்தியா ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டது என்பதை வாதிடுவோர் வசதியாக மறக்கின்றனர். இந்திய நர்சிங் கவுன்சில், தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனருக்கென ஈராண்டு முதுநிலை ரெசிடென்சியை 2016ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. பாடத்திட்டத்தில் பழுதில்லை, வகுப்பறையைவிடப் படுக்கையருகே கற்பதற்கு முதன்மை தந்த, மெச்சத்தக்க திட்டம். ஆயினும் மருந்துச் சீட்டு என்றால் நம் மருந்து விதிகள் பதிவுபெற்ற மருத்துவரையே அறியும். பெரும்பாலான மாநிலங்களில் அப்பட்டத்துக்கெனப் பணியிடமும் இல்லை. கற்ற கையைக் கட்டிப்போட்ட அதே தவற்றை இன்னொரு பெயரில் மறுபதிப்புச் செய்வதற்கு ஏன் இத்தனை அவசரம்?

மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பும் நேர்மையானதாக இல்லை. 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சமுதாய நலவாழ்வுப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்க வழிசெய்தபோது, போலி மருத்துவத்துக்குக் கதவு திறக்கிறது எனத் தெருவில் இறங்கினர். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உரிமமே இல்லாதோரை இரவுப் பணியில் நிறுத்தி நடத்தப்படும் தனியார் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைக் குறித்து அதே உரத்த குரல் எழுவதில்லை. எழுதப்பட்ட வரையறை மட்டும் கண்ணை உறுத்துகிறது. எழுதப்படாத நடைமுறை உறுத்துவதில்லை! பிரிட்டனும் பிசிஷியன் அசோசியேட்களை முதலில் பணியமர்த்திவிட்டு, ஒழுங்குமுறையை 2024 டிசம்பர் வரை தள்ளிப்போட்டது. 2025 ஜூலையில் வெளிவந்த லெங் ஆய்வறிக்கை, ‘அசோசியேட்’ என்ற பெயரையே மீண்டும் ‘அசிஸ்டென்ட்’ என மாற்றப் பரிந்துரைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நோயாளிகள் குழம்பினர். படித்தவர்கள் அவமதிப்புக்கு ஆளாயினர்.

தீவிர சிகிச்சையில் பயிற்சி பெற்ற கைகள் போதவில்லை என்பதை மறுப்பார் இல்லை. ஆகவேதான் வரிசை முக்கியமாகிறது. மாநிலக் குழுமங்கள் இயங்கி, பதிவேடு திறந்து, செயல்வாரியான பணிவரம்பு அரசிதழில் வெளியான பிறகே ரெசிடென்சி பற்றிப் பேச வேண்டும். உதவித்தொகையும் பணிநேர உச்சவரம்பும் அந்த வரம்பின் பகுதியாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ‘பயிற்சி’ என்பது பாதிச் சம்பளத்துக்கு இன்னொரு பெயராகிவிடும். அதுவரை இத்தகைய பயிற்சிக்குச் சேர்க்கை விளம்பரம் செய்யும் நிறுவனங்கள், இரவில் எத்தனை படுக்கைக்கு எத்தனை தீவிர சிகிச்சை மருத்துவர் பிரிவுக்குள்ளேயே இருப்பார் என்பதையும் அதே விளம்பரத்தில் அச்சிடட்டும்.