கேட்க ஆளில்லாத இடத்தில்தான் கண்டிப்பு வேண்டும்

அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில், ஆர்.வி. வண்டியே வீடாக, குளிர்காலம் முழுக்க எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். இம்மாநிலத்தில் வீட்டுக்கல்விக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும். வாசிப்பு, இலக்கணம், கணிதம், சமூக அறிவியல், அறிவியல் ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டும். கட்டாயத் தேர்வு கிடையாது. என் கணவர் பறக்கும், மோட்டார் பொருத்திய பாராகிளைடரான ஒற்றை இருக்கைப் பாராமோட்டாருக்கும் அமெரிக்கச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. இயந்திர எடை 254 பவுண்டுக்குள், பகலில் மட்டும், ஊர்களுக்கு மேலே கூடாது என்பன போன்ற விதிகளே உண்டு.

இந்தச் சுதந்திரத்தை நான் நேசிக்கிறேன். யாரும் கேள்வி கேட்காததால்தான் பொறுப்பு கூடுகிறது. வெயில் ஏறினால் மணல் சூடாகி, மேலெழும் காற்று இறக்கையைக் குலைக்கும். அதனால் அவர் விடியலில்தான் பறப்பார். காற்றின் வேகத்தை மகள் அளந்து, சரியில்லை என்று சொன்னால், இயந்திரம் வண்டியைவிட்டு இறங்காது. அவளுக்கு அது இயற்பியல் பாடம்.

படிப்பிலும் அதே கண்டிப்பு வேண்டும். பயணமே கல்வி என்று சொல்லிப் பின்னக் கணக்கைத் தள்ளிப்போடக் கூடாது. சட்டம் கேட்காவிட்டாலும், ஆண்டுதோறும் வெளி ஆசிரியர் ஒருவரிடம் பிள்ளைகளைத் தேர்வெழுத வைக்கிறோம். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் எல்லாமே இதைத் தாமாக முன்வந்து செய்ய வேண்டும். பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பெற்றோரின் நம்பிக்கை ஒன்றை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது.