பாத்திரம் அறிதல்

'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பது முன்னோர் வாக்கு. அக்காலத்தில் இதனைக் கைக்கொள்ளுதல் எளிதாயிருந்தது. இரப்பவன் வாயிலில் நின்றான். இடுபவள் அவன் முகத்தைக் கண்டாள். இன்றோ நாம் ஈயும் பொருள் கடல் கடந்து, முகமறியாத ஒருவரைச் சென்றடைகின்றது. இடையே ஒரு தரும ஸ்தாபனம் நிற்கின்றது. அதன் கணக்கேட்டை நாம் கண்டதில்லை. அறிந்ததெல்லாம் அதன் பெயர் ஒன்றே. அப்பெயரை நம்பியே பணப்பையைத் திறக்கிறோம். ஓய்வு நாளையும் தொண்டுக்கென ஒதுக்குகிறோம். ஆகவே, நற்பெயர் என்பது இத்தகைய ஸ்தாபனத்துக்கு வெறும் அணிகலன் அன்று, அதுவே முதல்.

இங்கிலாந்தின் 'ஒக்ஸ்பாம்' ஸ்தாபனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. போரினாற் பட்டினியில் வாடிய கிரேக்க மக்களுக்கு உணவனுப்ப வேண்டுமென்று, 1942ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் நகரத்தார் சிலர் கூடித் தொடங்கியது அது. பழைய ஆடைகளும் நூல்களும் விற்கும் அதன் கடைகளிற் பணிபுரிவோருட் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். அதன் பெயர் பல்லாண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்ந்த செல்வம்.

2010இல் ஹெயிட்டி நாட்டைப் பூகம்பம் சிதைத்தது. நிவாரணப் பணிக்கென அங்கு சென்ற அதன் அலுவலர் சிலர் ஒழுக்கங்கெட நடந்தனர். 2011இல் உள்விசாரணை நடைபெற்றது. நால்வர் நீக்கப்பட்டனர், மூவர் தாமே விலகினர். ஆயினும், நடந்தது யாதென்பது பொதுமக்களுக்கு முழுமையாகக் கூறப்படவில்லை. 2018 பெப்ரவரியில் இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அதனை வெளியிட்டது. இரு வாரங்களுக்குள், ஒழுங்காக நன்கொடை அனுப்பிவந்தோரில் ஏறக்குறைய 7,000 பேர் அதனை நிறுத்திக்கொண்டனர். அரசாங்கத்தின் புதிய உதவி நிதியைக் கோருவதையும் ஸ்தாபனம் கைவிட நேர்ந்தது. அவ்வாண்டிலேயே 1 கோடியே 60 இலட்சம் பவுண் செலவைக் குறைக்கத் திட்டமிட்டனர்.

நட்டம் யாருக்கு? குற்றமிழைத்தோர் முன்னரே போய்விட்டனர். எஞ்சியோர், எங்கோ உதவியை எதிர்பார்த்திருந்த ஏழைகளும், சிற்றூர்க் கடையொன்றிற் பழந்துணி மடித்து அடுக்கும் தொண்டர்களுமே. பணம் கொடுத்தவர் அடுத்த மாதமே நிறுத்திவிடலாம். ஆண்டுக்கணக்கிற் காலத்தைக் கொடுத்த தொண்டர் அதனை எவ்வாறு மீட்பது?

நன்கொடையை நிறுத்தியோரை நாம் குறைகூறோம். நம்பியவர் கோபம் நியாயமானதே. குற்றத்தினும் அதனை மூடியதே பெருங்கேடாயிற்று. 2019இல் அறிக்கை வெளியிட்ட பிரித்தானிய தரும ஆணைக்குழுவும், உண்மை முழுவதும் திறந்து கூறப்படாமையைக் கண்டித்தது. பெயரைக் காக்கவே மறைத்தோம் என்பர். மறைத்ததே பெயரைக் கெடுத்தது.

கொடுத்தோரின் மனம் எத்துணை நுட்பமானது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2001 செப்டெம்பர் 11ஆம் திகதித் தாக்குதல்களின் பின் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி குவிந்தது. அதில் ஒரு பகுதியை வேறு தேவைகளுக்கென ஒதுக்கச் சங்கம் எண்ணியபோது மக்கள் கொதித்தெழுந்தனர். நவம்பரில் சங்கம் தன் முடிவை மாற்றி, அந்நிதி முழுவதும் பாதிக்கப்பட்டோர்க்கே என அறிவித்தது. இங்கு எழுந்த வினா களவு பற்றியதன்று. கொடுத்த நோக்கம் மாறலாமா என்பதே.

ஆதலின், உண்டியல் குலுக்கி வருவோரிடம் வினவுங்கள்: கணக்கை எங்கே வெளியிடுகிறீர்கள்? முறைப்பாடு வந்தால் விசாரிப்பவர் யார்? இதுவரை கண்ட தவறு யாது, திருத்தியது எவ்வாறு? எங்களிடம் தவறே நிகழ்ந்ததில்லை என்பாரினும், நிகழ்ந்ததைச் சொல்லித் திருத்தினோம் என்பாரை நம்புதல் நன்று. தொண்டுக்குச் செல்லும் நம் இளைஞரும் யுவதிகளும் கைகளை மட்டுமன்றிக் கண்களையும் கொடுத்துதவ வேண்டும். உள்ளே நின்று காண்பவர் அவர்களன்றோ?

ஒரு பாத்திரம் ஓட்டையெனக் கண்டால் வேறு பாத்திரம் தேடுவோம். கையை மூடிக்கொள்வதால் மட்டும் பசித்தவன் பசி ஆறிவிடாது.