புளிச்சையைப் பூக்க விடுங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் தெருப் பெண்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அக்கா, சிவப்பா, புளிப்பா, ஐஸ் போட்டுக் குடிக்கிறாங்களே, அந்தச் செம்பருத்தி டீ. அதுக்குக் காய்ஞ்ச பூ எங்க கிடைக்கும்?” கிருஷ்ணகிரியில் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். செடி, விதை, பூச்சி எதைப் பற்றிக் கேட்டாலும் இவளுக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் யாருக்கும் ருசிப்பதில்லை. “அது உங்க வாசல் செம்பருத்தி இல்ல. நீங்க கடைஞ்சு களிக்கு ஊத்திக்கிற புளிச்சக்கீரையோட சொந்தக்காரி. அதைப் பூக்க விடாம நாமே அறுத்து வித்துடறோம். அப்புறம் கடை கடையா ஏறி இறங்கறோம்.”

கோபத்தில் சொல்வதுதான், ஆனால் கணக்கோடுதான் சொல்கிறேன்.

உலகம் முழுக்க குளிரவைத்துக் குடிக்கும் அந்தச் சிவப்பு பானத்துக்கான செடி ‘ஹைபிஸ்கஸ் சப்தாரிஃபா’. சிவப்புத் தண்டுப் புளிச்சை. அதன் பூ மங்கலான மஞ்சள் நிறம். நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு. காலையில் விரிந்தது சீக்கிரமே வாடி உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு, பூவைத் தாங்கிய புல்லிவட்டம் சதைபிடித்து, ரத்தச் சிவப்பாகி, உள்ளே இருக்கும் காயைக் கிண்ணம் போல மூடிக்கொள்ளும். அந்தப் புல்லியை உரித்து உலர்த்தியதைத்தான் காய்ந்த செம்பருத்திப் பூ என்று விற்கிறார்கள். பூ என்று பெயர். உள்ளே ஓர் இதழ்கூட இருக்காது.

வாசலில் நாம் வளர்ப்பது வேறு செடி. அதில் பயன்படுவது இதழ். அதைக் கொதிக்க வைத்தால் ஊதா கலந்த நீர் இறங்கும், கொஞ்சம் வழவழப்பு இருக்கும், புளிப்பு கிடையாது. எலுமிச்சம்பழம் பிழிந்தால்தான் நிறம் சிவந்து சர்பத்தாக மாறும். நல்ல சர்பத்துதான், அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் எலுமிச்சையின் தயவில்லாமலே நாக்கைச் சுண்டும் அந்தப் புளிப்பைத் தேடி வந்தவருக்கு இது ஏமாற்றம்.

அந்தப் புளிப்பு எனக்கு முதலில் அறிமுகமானது என் தம்பியால். ஜெட்டாவில் வேலை பார்த்தவன், ஒருமுறை விடுமுறைக்கு வரும்போது பழைய நகரத்து மளிகைக்கடை ஒன்றில் வாங்கிய பையைக் கொண்டுவந்தான். சூடான்காரர்கள் ‘கர்க்கதே’ என்பார்களாம். கறுத்த சிவப்பில் சுருண்டு கிடந்த புல்லிகள். இரவு பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வடித்து, சர்க்கரை கலந்து ஃபிரிட்ஜில் வைத்தான். நண்பகலில் ஒரு டம்ளர் குடித்ததும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், இது புளிச்சை என்பதுதான். கீரையில் உள்ள அதே புளிப்பு; கொஞ்சம் பழத்தின் மணம் கூடுதல்.

பிறகு உள்ளூரில் தேடினேன். ஒரு நாட்டு மருந்துக்கடையில் கேட்டதும் பொட்டலத்தை எடுத்துப் போட்டார் கடைக்காரர். பிரித்தால் வாசல் செம்பருத்தியின் இதழ். தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதற்கு உரியது. “இது இல்லைங்க, புளிக்கிற வகை” என்றேன். “எல்லாம் ஒண்ணுதாம்மா, எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்குங்க” என்றார். பெரிய கடையில் கிடைத்ததோ தேநீர்ப் பை. எலுமிச்சைப்புல், ரோஜா, புதினாவோடு இதையும் கலந்திருந்தார்கள். எது எவ்வளவு என்று அட்டையில் இல்லை. இணையத்தில் வரவழைத்த பொட்டலத்தில் சரியான புல்லிதான் இருந்தது. ஆனால் அட்டைப் படத்தில் வாசல் செம்பருத்தி சிரித்துக்கொண்டிருந்தது. விலையைக் கிலோவுக்குப் பெருக்கிப் பார்த்தால் முந்திரிப்பருப்பே தேவலாம் போலிருந்தது.

அதனால் வாங்குகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: கேட்டு வாங்குங்கள். எந்தச் செடி, எந்தப் பாகம், எந்த ஆண்டு அறுவடை என்று அட்டையில் போடச் சொல்லுங்கள். தாவரவியல் பெயரை அச்சிட அரை வரி போதும். சில்லறையாக விற்கும் கடை என்றால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். தோல் போலத் தடித்து, மென்ற உடனே புளித்தால் அதுதான். காகிதம் போல மெலிந்து, சப்பென்று இருந்தால் இதழ். நிறம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு. வளைத்தால் வளையலாம், கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். தூளாக வாங்கவே வேண்டாம். தூளுக்குள் எதை அரைத்தார்கள் என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது உற்பத்தி. எனக்கு ஆதங்கம் இங்கேதான்.

சூடானில் இதை வளர்ப்பவர்கள் பெரிய தோட்டக்காரர்கள் அல்லர். கொர்தோஃபான் பகுதியின் மணல் நிலத்தில், மழையை மட்டும் நம்பி, கம்பும் எள்ளும் விதைக்கிற சிறு விவசாயிகள். அந்தச் சரக்கு ஜெர்மனி வரைக்கும் மூலிகைத் தேநீருக்குப் போகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போர் அந்தப் பகுதியையும் விடவில்லை. எகிப்தில் இது கோடையில் குளிர்ந்தும் குளிரில் சூடாகவும் விருந்தாளிக்கு வரும். செனகலில் ‘பிஸ்ஸாப்’, நைஜீரியாவில் ‘ஸோபோ’. மெக்சிகோவில் ‘ஹமைக்கா’ என்ற பெயரில் கண்ணாடி ஜாடி ஜாடியாகத் தெருக்கடைகளில் நிற்கும். அங்கே குவெர்ரெரோ மாநிலத்தில் விளைகிறது, போதாததற்கு வெளிநாட்டிலிருந்தும் வாங்குகிறார்கள். ஜமைக்காவில் இஞ்சியும் கிராம்பும் சேர்த்து, கிறிஸ்துமஸ் பானமாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஏன் கிறிஸ்துமஸ்? செடியின் குணம் அப்படி. பகல் சுருங்கினால்தான் இது மொட்டு வைக்கும். எனவே புல்லி முற்றி வருவது ஆண்டின் கடைசி மாதங்களில். ஜமைக்காவுக்குப் பொருந்துவது கிருஷ்ணகிரிக்கும் பொருந்தும். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் ஐப்பசி வாக்கில் பூ. கார்த்திகை, மார்கழியில் புல்லி. நமக்குத் தாகம் எடுப்பதோ சித்திரையில். இடையில் உள்ள நாலைந்து மாதத்தைக் கடத்தத்தான் உலர்த்துகிறோம்.

வெளிநாடு வரை போவானேன்? ஜார்க்கண்டில் இதே புல்லியைக் ‘குத்ரும்’ என்று சொல்லிச் சட்னி அரைக்கிறார்கள். நாம் மட்டும் இலையோடு நிறுத்திக்கொண்டோம்.

சந்தையில் என்னிடம் கீரை விற்கும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “நாப்பது நாள்ல அறுத்தா கையில காசு. பூ விட்டுட்டா முத்திப்போச்சுன்னு யாரும் தொடமாட்டாங்க. அஞ்சு மாசம் காத்திருந்து அதைக் காயவெச்சு, யார் வந்து வாங்குவாங்க கண்ணு?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. துறையில் இருந்தபோது எத்தனையோ புதுப்பயிர்களைப் பற்றி விவசாயிகள் கேட்ட கேள்வியும் இதேதான். வாங்க ஆளில்லாத பயிரை ஊக்குவிப்பது பாவம்.

அந்த அம்மா சொல்லாமல் விட்ட தடைகளும் உண்டு. சந்தைக்கு வரும் புளிச்சை எல்லாமே ஒரே இனம் அல்ல. நாருக்காக வளர்க்கும் இன்னொரு புளிச்சை இருக்கிறது, ‘ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்’. அதன் இலையும் புளிக்கும், கடைந்தால் சுவையாகவும் இருக்கும். ஆனால் புல்லி சதைபிடிக்காது. அதைப் பூக்கவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தால் கிடைப்பது நார் மட்டும்தான். சதைப்பற்றுள்ள புல்லி தரும் விதையைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அடுத்தது கூலி. ஒவ்வொரு புல்லியிலும் உள்ளே உள்ள காயை நீக்க வேண்டும். அடியில் ஒரு சிறு குழாயை வைத்து அழுத்தினால் காய் தள்ளிக்கொண்டு வந்துவிடும். வேகமாகச் செய்யலாம்தான், ஆனால் ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். பத்துக் கிலோ பச்சைப் புல்லி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. எல்லாவற்றுக்கும் மேலே மழை. சூடானில் அறுவடை நேரத்தில் வானம் வெளுத்திருக்கும். நமக்கு அதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழை. களத்தில் பரப்பினால் இரண்டே நாளில் பூஞ்சை.

இவற்றில் எதுவும் தீர்க்க முடியாதது இல்லை. வேளாண் பொறியியல் துறை சூரியக் கூடார உலர்த்திக்கு மானியம் தருகிறது. தேங்காயும் மிளகாயும் உலர்கிற கூடாரத்தில் புளிச்சைப் புல்லி உலராதா? காய் நீக்கும் வேலை மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஏற்றது. நிழலில் உட்கார்ந்து செய்வது, இயந்திரம் கேட்காதது. விதையைத் தோட்டக்கலைத் துறை தன் பண்ணையில் பெருக்கிக் கொடுக்கலாம். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று மாநிலம் முழுக்க உள்ளன. அங்கே ஒரு மேசையில் இதை வைக்கத் தடை ஏதும் இல்லை. முழு வயலை இதற்கு விடச் சொல்லவும் இல்லை. நிலக்கடலைக்கும் ராகிக்கும் வரப்போரமாக ஒரு வரிசை போதும். வறட்சி தாங்கும் செடி, ஆளுயரம் வளரும். இளம் பருவத்தில் இரண்டு தரம் நுனிக் கீரையைக் கிள்ளி விற்றுக்கொள்ளலாம். கிள்ளினால் கிளை கூடும், கிளை கூடினால் பூவும் கூடும். கீரைக் காசும் போகாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வந்த ஒரு செடியில் ஒரு கிலோ பச்சைப் புல்லி எதிர்பார்க்கலாம்; அதாவது நூறு கிராம் காய்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இருபத்தைந்து கிராம் என்றால் ஒரு செடி நான்கு லிட்டர் தரும். சித்திரை, வைகாசி முழுக்க வாரம் இரண்டு லிட்டர் குடிக்கிற வீட்டுக்கு நான்கைந்து செடி போதும். கொல்லையில் இடம் இருப்பவர்கள் கடைக்கே போக வேண்டியதில்லை.

செய்முறை மிக எளிது. புல்லியை ஒருமுறை அலசி, தண்ணீரில் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவிட்டு வடியுங்கள். அவசரம் என்றால் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து ஆறவிடலாம். அடுப்பில் வைத்து வேகவைத்தால் துவர்ப்பு ஏறிவிடும். கண்ணாடியோ எவர்சில்வரோதான் பாத்திரம். அலுமினியம், பித்தளை வேண்டாம். புளிப்பு அவற்றை அரிக்கும். பனங்கற்கண்டும் ஒரு துண்டு இஞ்சியும் இதற்கு நன்றாகச் சேரும்.

மருந்து என்று மட்டும் விற்காதீர்கள். என் நாத்தனார் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா என்று கேட்டார், கையெடுத்துக் கும்பிட்டேன். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 65 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. ஆறு வாரம், தினம் மூன்று கோப்பை குடித்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக ஏழு புள்ளி குறைந்தது. மற்றவர்களுக்கு ஒரு புள்ளி அளவே. அவர்கள் லேசான அழுத்தம் உள்ளவர்கள். நல்ல செய்திதான், மாத்திரைக்கு மாற்று என்று அர்த்தமில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. தாகத்துக்குச் சுவையான ஒரு பானம் என்பதே இதை வாங்கப் போதுமான காரணம்.

இந்த ஆடியில் நான் கீரைக்கார அம்மாவுக்கு விதையும் முன்பணமும் கொடுக்கப் போகிறேன். அவர் நிலத்து வரப்பில் ஒரு வரிசையை அறுக்காமல் விட வேண்டும். விளைவது அத்தனையையும் நானும் தெருப் பெண்களும் வாங்கிக்கொள்கிறோம் என்பது பேச்சு. பாதி விலை இப்போதே கையில் என்றதும் அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது. இதை ஒரு தெரு செய்யலாம், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு செய்யலாம், பள்ளிக்கூட வாசலில் சர்பத் விற்பவர்கள் சேர்ந்து செய்யலாம். அரசு வரட்டும், மானியம் வரட்டும். அதற்கு முன்னால், விளைந்தால் வாங்க நாங்கள் இருக்கிறோம் என்ற உறுதியை விவசாயிக்குக் குடிக்கிறவர்கள் தர வேண்டும். அது இல்லாமல் ஐந்து மாதம் பொறுத்திரு என்று அவரிடம் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.