உணவுமேசை நாற்காலி யாரை அமர்த்துகிறது?

இந்திய நகரங்களின் மரச்சாமான் கடைகளில் உணவுமேசை நாற்காலிகள் பாணிப் பெயர்களால் விற்கப்படுகின்றன. குயின் ஆன், சிப்பன்டேல், வின்ட்சர், ஏணி முதுகு எனப் பட்டியல் நீள்கிறது. இப்பெயர்கள் நாற்காலியின் பிறப்பிடத்தையும் காலத்தையும் சுட்டுகின்றன. அதில் அமரப்போகும் உடலைப் பற்றி ஏதும் சொல்வதில்லை. ஒரு நாற்காலியின் பாணியை அறிவதென்றால், அது யாரை, எந்த நிலையில், எவருக்கு இணையாக அமர்த்துகிறது என்பதையும் அறியவேண்டும்.

நாற்காலியைக் குறிக்கும் சொற்களிலிருந்தே தொடங்கலாம். இந்தியின் 'குர்சி', மராத்தியின் 'குர்ச்சி', தெலுங்கின் 'குர்ச்சீ' ஆகிய மூன்றும் அரபு மொழியின் 'குர்ஸீ' வழி வந்தவை. அச்சொல்லின் வேர் அக்காடிய மொழியில் அரியணையைக் குறித்த சொல் வரை செல்கிறது. வங்காளத்தின் 'கேதாரா'வும் இலங்கைத் தமிழின் 'கதிரை'யும் போர்த்துக்கீசியரின் 'கதேய்ரா'விலிருந்து பிறந்தவை. அதற்கும் ஆங்கிலத்தின் 'சேர்' என்பதற்கும் மூலம் கிரேக்கத்தின் 'கதேத்ரா'. ஆசிரியரும் பின்னர்ப் பேராயரும் அமர்ந்த இருக்கை அது. தமிழின் 'நாற்காலி' மட்டும் பொருளின் உருவத்தைக் கூறி நின்றுவிடுகிறது. ஆயினும் அரசியல் பேச்சில் அதுவும் பதவியைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அதிகாரத்திற்கான இருக்கையாக வந்த பொருள் உணவுமேசைக்கு வந்த பின்னும் அந்நினைவை முற்றிலும் இழந்துவிடவில்லை.

பாணிகளின் வரலாறும் இதற்குச் சான்று. குயின் ஆன் நாற்காலியின் அடையாளம் வளைந்த கால்களும், முதுகின் நடுவே பூச்சாடி வடிவில் அமைந்த பலகையும் ஆகும். தாமஸ் சிப்பன்டேல் 1754-இல் இலண்டனில் வெளியிட்ட வடிவமைப்பு நூல் கனவான்களையும் தச்சர்களையும் முன்னிறுத்தியே தலைப்பிடப்பட்டது. செதுக்கு வேலைப்பாடு மிகுந்த அந்த முதுகுகள் செல்வர் வீட்டு விருந்தறைகளுக்கானவை. ஆங்கிலேய மரபில் உணவுமேசைத் தொகுதியின் பெரும்பாலான நாற்காலிகளுக்குக் கை இராது. மேசையின் தலைமாட்டில் இடப்படுவதற்கு மட்டும் கை உண்டு. அதன் பெயர் 'கார்வர்'. இறைச்சியை அறுத்துப் பரிமாறும் குடும்பத்தலைவருக்கு உரியது என்பதே அப்பெயரின் பொருள். மேசையில் எவர் தலைவர் என்பதைத் தச்சரே முடிவு செய்துவிடுகிறார்.

இதற்கு மாறான மரபும் உண்டு. மைக்கேல் தோனெட்டின் நிறுவனம் 1859-இல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி, நீராவியில் வளைத்த பீச் மரத்தால் ஆனது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவே. பிரித்துக் கட்டினால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். மும்பையின் இரானி உணவகங்களில் பளிங்கு மேசைகளைச் சுற்றி நின்றவை இந்த வளைமரக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அங்கே தலைமாட்டு நாற்காலி கிடையாது. தொழிலாளியும் எழுத்தரும் ஒரே வடிவ நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்தினர். சமூகச் சமத்துவத்தை நாற்காலி உண்டாக்கிவிடவில்லை. எனினும் அதற்கு இடையூறாகவும் நிற்கவில்லை.

அடுத்தது அளவு. பொதுவாக உணவுமேசையின் உயரம் 75 செ.மீ., இருக்கையின் உயரம் 45 செ.மீ. என்ற கணக்கு வழக்கில் உள்ளது. காலணியுடன் அமரும் மேலைநாட்டு வழக்கத்திற்கு இது பொருந்தும். இந்திய வீடுகளிலோ பெரும்பாலும் வெறுங்காலுடனே உண்கின்றனர். 150 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணின் பாதம் 45 செ.மீ. இருக்கையில் தரையில் முழுமையாகப் படியாது. இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். மராத்தியர் 'பாட்' என்றும் வங்காளியர் 'பிடி' என்றும் வழங்கும் தாழ்ந்த பலகைகளில் சம்மணமிட்டு உண்டு பழகியவர்கள், நாற்காலியிலும் ஒரு காலையேனும் மடக்கி வைக்கவே விழைகின்றனர். குறுகிய இருக்கையும் கைப்பிடியும் அதைத் தடுக்கின்றன. கையால் உண்பவர் தட்டை நோக்கி முன்சாய்வதால், விலையை உயர்த்தும் முதுகு வேலைப்பாடு உண்ணும்போது அவருக்குப் பயன்படுவதேயில்லை. மஞ்சளும் எண்ணெயும் சிந்தும் இடத்தில் வெளிர்நிறத் துணி மெத்தையைவிடப் பிரம்புப் பின்னலும் வெறும் மரமும் துடைக்க எளியவை.

அளவினும் கூர்மையான வினா, நாற்காலியில் எவர் அமர்வதில்லை என்பது. 'இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பு' வீட்டில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து உண்கின்றனரா, எவர் முதலில் உண்கின்றனர் என்பதைத் தனிக் கேள்வியாகவே கேட்டிருக்கிறது. ஆறு நாற்காலி வாங்கிய வீட்டிலும் பரிமாறுபவர் நின்றுகொண்டிருந்து, பிறர் எழுந்தபின் தனியே உண்பது அரிதன்று. அந்நாற்காலிகளை நாள்தோறும் துடைக்கும் பணிப்பெண் தம் உணவைச் சமையலறைத் தரையில் உண்ணும் வீடுகள் பல. பிரம்போ தேக்கோ, சிப்பன்டேலோ வின்ட்சரோ, அவருக்கு எல்லாம் ஒன்றே.

பாணி அழகுணர்வைச் சார்ந்தது, அதில் சமூகவியலைத் தேடுவது மிகை என்று வாதிடலாம். அழகை நாடுவது குற்றமன்று. வின்ட்சர் நாற்காலியின் மெல்லிய கம்பி முதுகை விரும்புவோர் அதையே வாங்கட்டும். ஆனால் ஒரு பொருளை நாளுக்கு இருமுறை, இருபது ஆண்டுகள் பயன்படுத்தப்போகிறவர் அதன் பெயரோடு நின்றுவிடக் கூடாது. வீட்டில் மிகக் குள்ளமானவரை முதலில் அமரவைத்து அவர் பாதம் தரையில் படிகிறதா எனப் பார்க்கவேண்டும். காலை மடக்க இடமிருக்கிறதா என நோக்கவேண்டும். எல்லா நாற்காலிகளும் ஒரே வடிவில் இருக்குமாறு கேட்டு வாங்கவேண்டும். சமைத்தவருக்கும் துடைப்பவருக்கும் சேர்த்து எண்ணிக்கையைக் கணக்கிட்டால், ஆறு போதாது என்பது பல வீடுகளில் தெரியவரும்.